தக்கவைப்புத் தூதர்

எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏன் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று உட்கார்ந்து யோசிப்பதற்கு, திண்டுக்கல் நிலைத்த நலம் மையத்துக்கு ஓர் அறை தேவைப்பட்டது. மையத்தில் இருந்த ஒரே பெரிய இடம், நோயாளிகள் காத்திருக்கும் ஹால். அதனால் நோயாளிகளை எழுப்பி வெளியே விட்டுவிட்டு, ஹாலுக்கு ஏ.சி. மாட்டி, நீளமாக ஒரு மேஜை போட்டு, கதவுக்கு மேலே 'தக்கவைப்பு அறை' என்று பலகை அடித்தார்கள். யார் கண்ணிலும் படாமல் ஹாலுக்குள் வருவதற்குச் சந்துப் பக்கம் ஒரு வாசல் இருந்தது. குளிர் அந்த வழியாகக் கசிகிறது என்று அதையும் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே வரிசை மெயின் ரோட்டுக்கு வந்தது. மாத்திரை வாங்க வருகிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. மையத்துக்குள்ளே அண்ணன் தங்கச்சியாகப் பழகுவார்கள். வெளியே சந்தையிலோ பஸ்ஸிலோ பார்த்துக்கொண்டால் முன்பின் தெரியாதவர்களாகப் போய்விடுவார்கள். இப்போது வரிசையே வெளியே வந்துவிட்டதால் என்ன செய்வதென்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக, பஸ்ஸுக்கு நிற்கிற பாவனையில் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து டவுன் பஸ்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்கள். "ஏறுங்க, ஏறுங்க, எம்புட்டு நேரம் நிப்பாட்டுறது?" என்று கண்டக்டர் சத்தம் போட்டதும், மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுச் சிலர் ஏறியே போய்விட்டார்கள். அவர்களில் சிலர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அந்த மாத அறிக்கையில், மையத்துக்குப் போக்குவரத்து வசதி மேம்பட்டிருப்பதாக எழுதப்பட்டது.

சோலைமுத்து பஸ்ஸில் ஏறவில்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் புதினாவும் கொத்தமல்லியும் போடுகிற சம்சாரி அவர். விடியலில் கட்டுகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேரே மையத்துக்கு வருவார். மாத்திரை ஆரம்பித்த காலத்திலிருந்து ஒரு தவணையும் தவறவிட்டதில்லை. "மழையா இருந்தா என்ன, எழவா இருந்தா என்ன, மாத்திரைய வாங்கிட்டு வந்துரு" என்று மூக்காயி, அவர் பெண்டாட்டி, கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவருக்கு எப்போதும் பின்னால் நிற்பவள் பாஸிலா. லாரி ஓட்டிய புருஷன் இந்த வியாதியில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் சபிஹாவோடு புருஷனுடைய அண்ணன் பக்ருதீன் வீட்டில் இருந்தாள். புருஷனுக்கு மஞ்சள் காமாலை என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தது. மாத்திரை வாங்கும் நாளில் தையலுக்கு நூலும் ஊக்கும் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள்.

வரிசை ரோட்டுக்கு வந்த முதல் நாளே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, எதுத்தாப்புல பாருங்க. அந்தப் பிரியாணிக் கடை எங்க மச்சான் கடை."

சோலைமுத்து பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேக்சா மூடியைத் திறந்து ஆவி பறக்க ஒருத்தர் நின்றிருந்தார்.

"என்னையப் பாத்துட்டா நானும் எம்மவளும் எங்க போறது? இனிமே நான் வரலண்ணே" என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பாஸிலா போனாள். அதற்கப்புறம் வரவில்லை.

ஒருவர் குறைந்ததும் தக்கவைப்பு அறைக்கு உயிர் வந்தது. திட்ட ஒருங்கிணைப்பாளர் சிவபிரகாஷ் அவசரக் கூட்டம் கூட்டினார். நோயாளிகளின் பிரதிநிதியாக சோலைமுத்துவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். பழைய ஹாலுக்குள் அவர் கால் வைத்தே நாளாகியிருந்தது. குளிரில் அவருக்குத் தும்மல் வந்தது.

"நண்பர்களே" என்று சிவபிரகாஷ் எழுந்தார். "ஒரு நோயாளியை நாம் நோயாளியாகப் பார்க்கக் கூடாது. அவர் ஒரு விழுக்காடு. அந்த விழுக்காட்டுக்கும் மனசு உண்டு, குடும்பம் உண்டு. அது குறையும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. சென்னையிலிருந்து போன் வருகிறது. இங்கே வர அவர்களுக்கு என்ன தடை என்று நாம் இந்த அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இந்த அறையிலிருந்து ஒரு பதிலும் வந்ததில்லை."

சோலைமுத்து கையைத் தூக்கினார். "சார், வரிசைய மறுபடி உள்ள விட்டா அந்தப் பிள்ள வந்துரும் சார். வெளிய நின்னா வீட்டாளுக பாத்துருவாகன்னு பயம்."

 சிவபிரகாஷ் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். "இதுதான் களத்தின் குரல்! இதைக் கேட்கத்தான் இந்த அறையையே கட்டினோம். ஆனால் சோலைமுத்து, அவர்களை உள்ளே விட்டுவிட்டால் இந்த மாதிரிக் கூட்டத்தை எங்கே நடத்துவது?"

சோலைமுத்து கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். கூட்டத்தில் இருந்த ஆற்றுப்படுத்துநர் புவனேஸ்வரி குனிந்து மேஜையைப் பார்த்தாள். அவளுடைய அறையும் இந்த ஹாலோடு போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில் ஸ்டூல் போட்டு, ஏறி இறங்குகிறவர்களின் செருப்புச் சத்தத்துக்கு நடுவே நோயாளிகளின் ரகசியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் முடிவில் சோலைமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்தி, தக்கவைப்புத் தூதர் என்று அறிவித்தார்கள். பாஸிலாவை அவர்தான் மீட்டு வர வேண்டும். "அவங்க மட்டும் திரும்பட்டும், சோலைமுத்து. இழப்பு பூஜ்யம் ஆயிடும். ஆண்டு விழாவுல அறிவிச்சுட்டு, மறுநாளே ஹாலைத் திறந்துவிட்டுடறேன்" என்றார் சிவபிரகாஷ். சோலைமுத்து அந்த வார்த்தையை நம்பினார். வெயிலில் நிற்கிற எல்லோருக்கும் தன்னால் ஒரு நிழல் கிடைக்கும் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாஸிலா வீட்டுக்குப் போய்வரத் திட்ட ஜீப்பைக் கொடுத்தார்கள். ஜீப்பின் இரண்டு பக்கமும் எச்.ஐ.வி. தொடர் சிகிச்சைத் திட்டம் என்றும், பின்னால் அதைவிடப் பெரிய எழுத்தில் ரகசியம் காக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. "இதுல போயி எறங்கினா அந்தப் பிள்ள தூக்கு மாட்டிக்கிரும் சார்" என்று சோலைமுத்து கும்பிட்டார். முன்பின் தெரியாத வீட்டுக்குள் யாரும் எதுவும் கேட்காமல் நுழைய முடிகிற ஆள் இந்த ஊரில் ஒருத்தர்தான், கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்க வருகிறவர். அந்த யோசனையைச் சொன்னது சோலைமுத்துதான். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்னால் அவரை அதிகம் அரித்தது இதுதான்.

சிவபிரகாஷ் துள்ளிக் குதித்தார். அலுவலகமே உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை தயார் செய்தது. திட்டத்தின் பெயருக்குப் பொருத்தமாக மணமகன் தொடர்செல்வன், மணமகள் நிலைமதி. தேதியும் மண்டபமும் இல்லாமல் பத்திரிகை அடிக்க முடியாது என்று அச்சகத்தில் சொன்னதால், மையத்தின் ஆண்டு விழாவுக்குப் பேசியிருந்த தேதியையும் மண்டபத்தையுமே போட்டுவிட்டார்கள். ஒரு கார்டு தனியாக அடித்துத் தர மாட்டார்கள் என்பதால் ஒரு கட்டு வந்து சேர்ந்தது.

"சார், இது நெசத் தேதியாவுல்ல இருக்கு?" என்றார் சோலைமுத்து.

"யாரு வரப்போறா? பத்திரிகை வாங்குனவங்க எல்லாம் வந்துட்டா தமிழ்நாட்டுல மண்டபம் பத்துமா?"

சென்னையிலிருந்து வந்த சிவபிரகாஷுக்கு அது உண்மையாக இருக்கலாம். தட்டு வைத்துக் கூப்பிட்டால் இங்கே வருவார்கள் என்று சோலைமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தும், படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டார்.

புவனேஸ்வரி மாடிப்படிக்கு அடியில் கூப்பிட்டு, பாஸிலாவின் மாத்திரை டப்பாவை அவர் கையில் வைத்தாள். "எப்படியாவது குடுத்துடுங்கண்ணே. விட்டு விட்டுச் சாப்பிட்டா அப்புறம் மருந்து கேக்காமப் போயிரும்" என்றாள். சோலைமுத்து ஒரு பெரிய புதினாக் கட்டைப் பிரித்து, நடுவில் டப்பாவை வைத்து, மறுபடி வாழைநார் போட்டுக் கட்டினார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்தார். முஸ்லிம் வீடு என்பதால் குங்குமத்தை எடுத்துவிட்டுக் கற்கண்டு வைத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பக்ருதீன் வீடு ஒரு குறுகலான தெருவில் இருந்தது. பச்சைக் கதவு. கடை மூடியிருந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என்பதால் அவரே கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. யாருன்னு தெரியலியே?"

"நம்ம கடைக்கு வருதுல்ல பாய் புதினா, அது எந்தோட்டத்து எலைதான். கமிசன் கடை வழியா வருது. எம்மவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். என் எலைய வாங்குற ஆளுகளுக்குச் சொல்லாமச் செய்யலாமா?"

சோலைமுத்துவுக்கு மகனே கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு அவர் வாயில் எப்படி அம்புட்டு இனிப்பாக வந்ததோ தெரியவில்லை. பக்ருதீன் உருகிவிட்டார். "ஆரிபா, இங்க வா! புதினா போடுற அண்ணன், நம்மளத் தேடித் தட்டோட வந்திருக்காரு பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். ஆரிபா பத்திரிகையை வாங்கிப் படித்து, "தொடர்செல்வன், நிலைமதி. நல்ல தமிழ்ப் பேரா வச்சிருக்கீங்க" என்றாள்.

பாஸிலா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அவரைப் பார்த்ததும் சொம்பு ஆடியது. சோலைமுத்து முன்பின் தெரியாதவராக அவளைப் பார்த்தார். "தங்கச்சி, இந்தக் கட்டு எந்தோட்டத்துப் புதினா. நடுவுல நல்ல எலையா வச்சிருக்கேன். நீயே பிரிச்சு வச்சுக்க, என்ன?" என்றார். கையில் வாங்கியபோதே கனம் அவளுக்குச் சொல்லிவிட்டது. கண் நிறைந்துபோய், "சரிண்ணே" என்று அடுப்படிக்குப் போனாள்.

காரியம் அத்தோடு முடிந்தது. மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது. மாதா மாதம் ஒரு கட்டுப் புதினா கொண்டுவந்து கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சோலைமுத்து அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் போன இடத்துக்கு ஆதாரமாக, வீட்டு வாசலும் ஆட்களும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ கட்டாயம் வேண்டும் என்று சிவபிரகாஷ் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் போனதாகவே கணக்கில்லையாம், ஹாலும் திறக்காது.

"பாய், ஞாபகத்துக்கு ஒரு போட்டோ..." என்று சோலைமுத்து இழுத்தார்.

"அட, குடுங்க, நானே எடுக்குறேன்!" என்று பக்ருதீன் போனை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். பச்சைக் கதவுக்கு முன்னால் சோலைமுத்து தட்டோடு நிற்க, பக்கத்தில் ஆரிபாவும் சபிஹாவும் நிற்க, "நீயும் வாம்மா பாஸிலா, ஏன் உள்ளயே நிக்கிற?" என்று அவளையும் கூப்பிட்டு நிறுத்தி எடுத்தார். படம் நன்றாக விழுந்தது.

அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். ஒரு வீட்டுக்குத் தட்டு வைத்துவிட்டு, அடுத்த வாசலில் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷரைத் தாண்டிப் போக சோலைமுத்துவுக்குக் கால் வரவில்லை. கையில் ஒரு கட்டுப் பத்திரிகை வேறு இருந்தது. "நீங்களும் குடும்பத்தோட வரணும்" என்று கொடுத்துக்கொண்டே தெருக்கோடிக்கு வந்து சேர்ந்தார்.

ஆண்டு விழா அன்று மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் வைத்திருந்தார்கள். தூதருக்குரிய வெள்ளைச் சட்டையும் பேட்ஜும் போட்டு சோலைமுத்துவை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள்.  யாரும் வர மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன.

தெருவே வந்திருந்தது. ஜரிகை துப்பட்டாவும் அத்தர் வாசமுமாக, கையில் ஹாட் பாக்ஸும் டின்னர் செட்டுமாக இறங்கினார்கள். முன்னால் பக்ருதீன், கலர் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு. "என்னண்ணே, மாப்பிள்ளையோட அப்பா நீங்களே வாசல்ல நிக்கிறீங்க!" என்று வாய் நிறையச் சிரித்துக் கையைப் பிடித்தார். புதுப் பாவாடையில் சபிஹா. எல்லோருக்கும் பின்னால், வேறு வழியில்லாமல் கூட வந்த பாஸிலா.

"பாய், செத்த நேரம் இங்கிட்டு வாங்க..." என்று சோலைமுத்து அவரை ஓரமாக இழுக்கப் பார்த்தார். அதற்குள் எல்லோரும் நிமிர்ந்து, மாப்பிள்ளை பெண் படத்தைத் தேடி வாசல் பேனரைப் பார்த்தார்கள்.

பேனர் முழுக்க பச்சைக் கதவு. அதன் முன்னால் தட்டோடு சோலைமுத்து. 'சிகிச்சையைக் கைவிட்ட எச்.ஐ.வி. சகோதரியை இல்லம் தேடிச் சென்று மீட்ட எங்கள் தூதர்' என்று கீழே எழுதியிருந்தது. மையம் ரகசியம் காப்பதில் கண்டிப்பானது. காக்க வேண்டிய ரகசியம் படத்தில் ஒருவருடையதுதான் என்பதால், ஒருவர் முகத்தை மட்டும் வட்டமாக மறைத்திருந்தார்கள். ஆரிபா முகம் தெளிவாகத் தெரிந்தது. சபிஹா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒன் மூஞ்சிய மட்டும் ஏம்மா அழிச்சிட்டாங்க?" என்று சபிஹா கேட்டாள்.

 ஆரிபா, பாஸிலாவின் தோளிலிருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள். படத்தை எடுத்தவர் பக்ருதீன்; அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சபிஹாவைத் தூக்கிக்கொண்டு, "வாம்மா, வீட்டுக்குப் போவம்" என்று பாஸிலாவிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

பின்னாலேயே ஓடப்போன சோலைமுத்துவை இரண்டு பேர் பிடித்து மேடையேற்றினார்கள். சிவபிரகாஷ் பேசிக்கொண்டிருந்தார். "முதல்முறையாக நம் விழாவுக்கு இத்தனை பொதுமக்கள் தாங்களாகவே, பரிசுப் பொருட்களோடு திரண்டு வந்திருக்கிறார்கள். இது சமூகத்தின் மனமாற்றம். பேனரைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்து, அமைதியாகக் கலைந்து செல்கிறார்கள். இப்படியொரு விழிப்புணர்வை நான் பார்த்ததில்லை. இப்போது நம் தூதர் பேசுவார்."

சோலைமுத்து மைக்கைப் பிடித்தார். "நான் ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டேன்" என்றார். கைதட்டல். "என்னைய நம்பித் தண்ணி குடுத்த வீட்டக் கெடுத்துட்டேன்யா. நான் மனுசனே இல்ல." கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. சிவபிரகாஷ் மைக்கை வாங்கி, "என்ன ஒரு தன்னடக்கம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆரிபா தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்த அன்றே பாஸிலா மகளைக் கூட்டிக்கொண்டு குஜிலியம்பாறைப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து மாத்திரைக்கு வருவதென்றால் பஸ் மாறி வர வேண்டும். அன்றையக் கூலியும் போகும். மையத்தின் அறிக்கையில் அவள் இடம் மாறியவர் ஆனாள். இடம் மாறியவர்கள் இழப்பில் சேர மாட்டார்கள் என்பதால் இழப்பு பூஜ்யமாகவே நின்றது. எப்படி இதைச் சாதித்தார்கள் என்று பார்க்க வெளியூர்களிலிருந்து குழுக்கள் வரத் தொடங்கின. அவர்களை உட்கார வைக்க இடம் வேண்டும் என்பதால் ஹால் திறக்கப்படவில்லை.

அடுத்த மாத்திரை நாளில் சோலைமுத்து ரோட்டில் நின்றார். எதிர்ப் பக்கம் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தார் ரோட்டில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. நிமிர்ந்தால் பக்ருதீன். கடையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் பார்க்கப் பார்க்க ரோட்டைக் கடந்து வந்து வரிசையில் நின்றிருந்தார்.

"பாய், நீங்க எதுக்கு இங்க..."

"மாத்திரை வாங்கத்தான். சாயங்கால பஸ்ஸுல கொண்டுபோயிக் குடுக்கணும். வீட்டு ஆளு வந்தா தருவோம்னு அந்தப் படிக்கட்டு அம்மா சொன்னுச்சு." குரலில் கோபமே இல்லை. அதுதான் சோலைமுத்துவுக்குத் தாங்கவில்லை. "எந்தம்பி என்னத்துல செத்தான்னு எனக்குத் தெரியாதாண்ணே? ஆஸ்பத்திரியில கூட இருந்தவன் நாந்தான். இவ இந்த வரிசையில வந்து நின்னதையும் மொத நாளே பாத்துட்டேன். பயந்துக்கிருவாளேன்னுதான் மறுநாளே கல்லாவ உள்பக்கமாத் திருப்பிப் போட்டேன். எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாம இருக்குற வரைக்கும் அவ எவ்வீட்டுல நிம்மதியா இருந்தா. ஆரிபாவுக்குச் சொல்லல. தெருவுக்குச் சொல்லல. இம்புட்டு நாளும் அதைக் கட்டிக் காப்பாத்துனேன்."

கடைப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ரெண்டு பேர் பாதி இலையில் எழுந்து கை கழுவினார்கள். பக்ருதீன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

சோலைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், ஒங்க யாவாரம் போயிரும். நீங்க போங்க. ஒங்க கால்ல விழுறேன். நான் வாங்கிக் கொண்டுபோயிக் குடுத்துர்றேன்" என்றார்.

பக்ருதீன் அவர் தோளில் கை வைத்து, மெதுவாக, வரிசையில் தனக்குப் பின்னால் நகர்த்தினார்.

"வேணாம்ணே. நீங்க செஞ்சது போதும்."